எழுத்துப் பஞ்சம் அல்ல

க, ச, ட, த, ப வரிசைகளில் நான்கு நான்கு எழுத்து இல்லாததால், தமிழ் வடசொற்களைச் சிதைத்தே வாங்கியது என்கிறார்கள். படித்தவர்களும் திருப்பிச் சொல்வதுதான் எரிச்சல்.

ஒன்று. பழவேற்காடு ஏரி கடலைச் சேரும் வாயைக் கோட்டைக்குப்பத்தில் முகத்துவாரம் என்கிறோம். மூலம் 'முக த்வார'. 'க'வின் மூச்சொலி போனது எழுத்தில்லாததால் என்றே வைத்துக்கொள்வோம். 'த்', 'வ்' இரண்டும் தமிழில் உண்டே! பிறகு ஏன் நடுவில் ஓர் உகரம்? 'ர', 'ல' இல்லாமலா ராஜன் அரசனாகி, லோகம் உலகமானது? அந்த ஒலிகள் சொல்லின் முதலில் வராது என்பது தமிழின் ஒலியமைப்பு. எழுத்துக்கு இதில் வேலையில்லை.

இரண்டு. எழுத்தும் கிடைத்தது. பல்லவர் காலம் முதல் கிரந்தம் கையருகே இருந்தது. பிறகும் கம்பன் லட்சுமணனை இலக்குவன் என்றும், விபீஷணனை வீடணன் என்றும் எழுதினான். வட எழுத்தை விலக்கி, தமிழ் எழுத்தோடு பொருந்தும் சொல்லை ஏற்கச் சொல்கிறது தொல்காப்பிய எச்சவியல். இது தெரிந்தே வகுத்த நெறி.

மூன்று. எல்லாச் சொல்லும் சமஸ்கிருதத்திலிருந்து நேரே வரவில்லை. 'ஆணை'யை 'ஆஜ்ஞா'வோடு ஒப்பிட்டுச் சிதைவு என்பவர்கள், பிராகிருதத்தின் 'ஆணா'வைப் பார்த்தார்களா? அந்த மாற்றம் வடக்கிலேயே நடந்து முடிந்தது.

நான்கு. திராவிட 'மீன்' சமஸ்கிருதத்துக்குப் போய், அகரம் சேர்ந்து 'மீன' ஆனது. அதை எவராவது சிதைவு என்றார்களா?