உரிமக் கட்டணம்: மறுத்தலும் ஒதுங்கலும்

பிரித்தானிய நாட்டில் தொலைக்காட்சி பார்ப்போர் ஆண்டுதோறும் ஒரு தொகையைச் செலுத்தி உரிமம் பெற்றாக வேண்டும். 1922-இல் வானொலிக்குப் பத்துச் சில்லிங்கு என்று தொடங்கிய இத் தண்டல், 1946-இல் தொலைக்காட்சிக்கு இரண்டு பவுண்டு என்று விரிந்து, 2025 ஏப்பிரலில் 174.50 பவுண்டை எட்டியது. பி.பி.சி. நிறுவனம் உயிர்வாழ்வது பெரும்பாலும் இப் பணத்தைக் கொண்டே. செலுத்தாமற் பார்ப்பவர் குற்றவாளியாகின்றார். தண்டத்தொகை 1,000 பவுண்டு வரை போகும். வழக்குக்கு ஆளாவோருள் பெரும்பான்மையர் பெண்கள் என்பதும் இங்கே குறிக்கத் தக்கது. பகலில் கதவு தட்டும் அலுவலருக்குக் கதவு திறப்பவர் அவர்தாமே!

இச் சட்டம் எக் காலத்தும் கேளாத வினா ஒன்றுண்டு. 'நீ தரும் பணத்திற்கு உன் தாய்மொழியில் உனக்குக் கிடைப்பது என்ன?' என்பதே அது. ஆங்கிலேயனுக்கு அவ் வினா வேண்டுவதில்லை. பணமும் அவனுடையது, மொழியும் அவனுடையது. ஆயின், அதே தீவில் அதே தொகையைச் செலுத்திய வேல்சு நாட்டானுக்கு அதனினும் பெரிய வினா வேறில்லை. அவன் கேட்டான், விடை வராதபோது பணத்தை நிறுத்தினான். வேல்சு மொழிக்கென்று இன்று ஒரு தொலைக்காட்சி இருக்கின்றதென்றால், அந் நிறுத்தத்திற்கு அதிற் பெரும் பங்குண்டு.

'வேல்சு' என்பதே அயலார் இட்ட பெயர். அயலான் என்பதுதான் அதன் முதற்பொருள். சொந்த மண்ணிலேயே ஒருவனை அயலான் என்றழைக்கும் துணிவு ஆள்வோர்க்கு எங்கும் உண்டு போலும்! அம் மக்கள் தம் நாட்டைக் 'கம்ரி' என்பர். உடன்நாட்டார் என்னும் பொருளடியாகப் பிறந்த பெயர் அது. 1901-இல் அந் நாட்டில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாய்மொழி பேசினர். 1961-இல் அது நூற்றுக்கு 26 ஆயிற்று; 1971-இல் 21-ஐயும் எட்டவில்லை. பள்ளியும் அலுவலகமும் செய்த கேடு பழையது. அக் கேட்டைக் கூடத்திற்குள் கொண்டுவந்து வைத்தது தொலைக்காட்சி. தாயும் தந்தையும் வேல்சில் பேச, மாலை முழுதும் பெட்டி ஆங்கிலத்தில் பேசிற்று. குழந்தை எதனைக் கேட்டு வளரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1962 பிப்பிரவரி 13-இல் சாண்டர்சு லூயிசு என்னும் முதுபெரும் எழுத்தாளர், 'மொழியின் ஊழ்' என்னும் பொருள்பட ஓர் உரை நிகழ்த்தினார். போக்கு இவ்வாறே இருப்பின் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்சு வாழும் மொழியாக இராது என்று எச்சரித்தார். அவ்வுரையை ஒலிபரப்பியது பி.பி.சி. வானொலியே என்பது வேடிக்கை. அவர் எடுத்துக்காட்டிய சான்று ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் குடும்பம். இலாங்கெனெக்கு என்னும் ஊரினரான திரெவோர் பீசுலி, ஐலீன் பீசுலி என்னும் கணவன் மனைவியர், வரி கேட்கும் தாளை வேல்சு மொழியில் அனுப்பினாலன்றி ஊராட்சிக்கு வரி கட்டமாட்டோம் என்று 1952-இல் உறுதி பூண்டனர். பன்முறை வழக்குமன்றம் ஏறினர். அமீனாக்கள் வந்து வீட்டுப் பொருள்களைத் தூக்கிச் சென்றனர். எட்டாண்டு கழித்து, 1960-இல், இருமொழியில் அச்சிட்ட தாள் அவர்கள் வீடு தேடி வந்தது. ஒரு தாள்தானே என்பார் உளர். அவ்வொரு தாளுக்காகத் தம் நாற்காலியையும் மேசையையும் இழக்க ஒருப்பட்டவர்கள் ஈன்ற துணிவே பின்னர்த் தொலைக்காட்சிக் கட்டணத்தின்மேற் பாய்ந்தது. லூயிசின் உரை நிகழ்ந்த அதே ஆண்டில் வேல்சு மொழிக் கழகம் தோன்றிற்று.

அக் காலத்தில் வேல்சு நிகழ்ச்சிகள் அறவே இல்லாமலில்லை. ஆங்கில நிகழ்ச்சிகளுக்கிடையே ஆங்காங்கு செருகப்பட்டிருந்தன. இதனால் இரு சாராரும் மனங்கசந்தனர். வேல்சு பேசுவோர்க்குக் கிடைத்தது போதவில்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்தோரோ தமக்குரிய நிகழ்ச்சி பறிபோயிற்றென்று முணுமுணுத்து, கூரைமேலிருந்த அலைவாங்கியை இங்கிலாந்துக் கோபுரங்களை நோக்கித் திருப்பிவைத்தனர். தாய்நாட்டிற்கு முதுகு காட்டி நின்ற அவ் அலைவாங்கிகளே அந்நாளைய நிலைக்கு ஓவியம். எல்லா வேல்சு நிகழ்ச்சிகளையும் ஒரே வரிசையில் தொகுத்துத் தருவதே தீர்வு என்று கழகத்தார் கேட்டனர். 1974-இல் கிராபோர்டு குழுவும், வரவிருந்த நான்காம் வரிசையை வேல்சில் அம்மொழிக்கு முதன்மையளித்து நடத்தலாம் என்று பரிந்துரைத்தது. 1979 தேர்தலில் இரு பெருங்கட்சிகளும் உறுதிமொழி தந்தன. மே திங்களில் மார்கரெட்டு தாட்சரின் பழைமைக் கட்சி ஆட்சி ஏறியது. செபுதம்பரில் உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா அவ்வுறுதியைக் கைகழுவினார். இரண்டு வரிசைகளில் பிரித்து இன்னுங் கொஞ்சம் போடுகிறோம் என்றார்.

அதே ஆண்டு மார்ச்சில்தான் தன்னாட்சி மன்றம் வேண்டுமா என்னும் வாக்கெடுப்பில் வேல்சு மக்களே ஒன்றுக்கு நான்காக 'வேண்டா' என்றிருந்தனர். வீழ்ந்து கிடப்பவன் எழான் என்று இலண்டன் கணக்கிட்டிருக்கலாம். அக் கணக்குத்தான் பிழைத்தது.

அக்தோபரில் மூன்று பெருமக்கள் பென்கரெகு என்னுமிடத்து ஒளிபரப்பு நிலையத்திற்குள் புகுந்து அதனை நிறுத்தினர். அவர்கள் சிறுபிள்ளைகளல்லர். ஒருவர் இறையியற் கல்லூரி முதல்வரும் பாவலருமான பென்னார் தேவீசு. மற்றொருவர் மெரெதித்து எவான்சு, அதே பி.பி.சி.யில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்குத் தலைமை தாங்கியவர். மூன்றாமவர் பல்கலைக்கழக ஆசிரியர் நெட்டு தாமசு. வேலை, பதவி, ஓய்வூதியம் என்று நடுங்கும் நம்மூர்ப் புலவர் பெருமக்கள் இப் பெயர்களைச் சற்று நின்று படிக்கலாம். இதனோடு ஏறத்தாழ 2,000 பேர் உரிமக் கட்டணம் செலுத்தோம், சிறைக்குப் போவதாயினும் போவோம் என்று உறுதிகூறினர். 1979 நவம்பரில் வண்ணப் பெட்டிக் கட்டணம் 25 பவுண்டிலிருந்து 34 பவுண்டாயிற்று. அந்த 34 பவுண்டு இல்லாமையால் அவர்கள் மறுத்தாரல்லர். பெட்டியை மறைத்து வைத்துக்கொண்டு ஏய்த்தாருமல்லர். பெட்டி இருக்கின்றது, பார்க்கின்றேன், பணந் தரமாட்டேன், பெயரை எழுதிக்கொள் என்றனர்.

1980 மே திங்களில் குவின்வோர் எவான்சு எழுந்தார். 1966-இல் கம்ரிக் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வு பெற்றவர். சட்டம் பயின்று தக்காளி பயிரிட்டு வாழ்ந்தவர். ஆங்கிலம் பேசும் வீட்டிற் பிறந்து தம் முன்னோர் மொழியைத் தாமே கற்றுக்கொண்டவர். அரசு தன் சொல்லைக் காப்பாற்றாவிடின் அக்தோபர் 6 முதல் சாகும்வரை உண்ணேன் என்றார். அகவை அறுபத்தேழு. வெற்றுரை என்று எவரும் நினைக்கவில்லை. செபுதம்பரில் வேல்சுப் பேராயர் உள்ளிட்ட சான்றோர் மூவர் இலண்டன் சென்று வைட்லாவைக் கண்டனர். 17-ஆம் நாள் அரசு பணிந்தது. அதற்கு மூன்று கிழமை கழித்துத்தான், தாம் திரும்புகிறவரல்லர் என்று தாட்சர் தம் கட்சி மாநாட்டில் முழங்கினார். அதற்குள் ஒரு முறை திரும்பியாகிவிட்டது!

இங்கே தமிழர் நெஞ்சில் சங்கரலிங்கனார் நினைவு எழாமற் போகாது. 1956-இல் தமிழ்நாடு என்னும் பெயர்க்காக உண்ணாநோன்பிருந்து அக்தோபர் 13-இல் உயிர் நீத்தார் அவர். எவான்சு பிழைத்தார், இவர் மாண்டார். இவர் கேட்ட பெயர் கிடைக்க இன்னும் பதின்மூன்றாண்டு ஆயிற்று.

1982 நவம்பர் 1-இல் 'எசு 4 சி' என்னும் வேல்சு வரிசை தொடங்கிற்று. கிழமைக்கு இருபது மணிநேரத்திற்கு மேல் தாய்மொழி நிகழ்ச்சி; அதிற் பத்து மணிநேரத்தைப் பி.பி.சி. உரிமக் கட்டணத்திலிருந்தே ஆக்கித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. மறுக்கப்பட்ட பணம் மொழியாகத் திரும்பிற்று என்க. தொலைக்காட்சிக்கு அவர்கள் ஆக்கிக்கொண்ட சொல் 'தெலெதி'; முன்பாதி கிரேக்கம், பின்பாதி பரப்புதல் என்னும் வேல்சு. தலைமுதல் கால்வரை தன்சொல்லான தொலைக்காட்சி என்பது நம்மிடம் இருக்கின்றது. பெட்டிக்குள் பேசப்படுவதைப் பற்றிப் பேசாதிருத்தலே நன்று. ஒரு வரிசையால் மட்டும் மொழி பிழைத்துவிட்டதென்று கூறுவதும் மிகை. 1981-இல் நூற்றுக்கு 18.9 ஆக இருந்தது 2001-இல் 20.8 ஆக ஏறி, 2021-இல் மீண்டும் 17.8 ஆயிற்று. எனினும் இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்து கால் பகுதி கழிந்த பின்னும் அது வாழும் மொழியே.

பணப்பை மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. 1990-களிலிருந்து இலண்டன் கருவூலம் அளந்த பொருளில் அவ் வரிசை நடந்தது. 2010-இல் அரசு அதனை வெட்டி, 2013 முதல் உரிமக் கட்டணத்தின்மேற் சுமத்தத் தொடங்கிற்று. 2022 ஏப்பிரலிலிருந்து அரசுப் பொருள் முழுதும் உரிமக் கட்டணத்திலிருந்தே. ஆண்டுக்கு 8 கோடியே 88 இலக்கம் பவுண்டு என்பது அப்போதைய அளவு. ஆக, எக் கட்டணத்தை மறுத்து அவ் வரிசை பிறந்ததோ, அக் கட்டணத்திலேயே அது இன்று தொங்குகின்றது.

இந்நிலையில் புதிதாய் எழுந்திருப்பது ஒதுங்கல். நேரலையும் பி.பி.சி.யின் இணையக் காட்சியும் பாராதவர்க்கு உரிமம் வேண்டுவதில்லை. ஒரு படிவத்தில் அறிவித்துவிட்டால் போதும். அமெரிக்க நிறுவனங்களின் படங்களைக் கேட்ட பொழுது பார்க்கப் பழகிய இளைஞர்க்கு அதில் இழப்பில்லை. உரிமங்களின் தொகை 2 கோடியே 40 இலக்கத்திற்குக் கீழே இறங்கிவிட்டது. வறுமையால் ஒதுங்குவோரைக் குறைகூறல் அறமன்று. பிறரை நோக்கி ஒன்று சொல்லலாம்: 1979-இல் மறுத்தவனும் இன்று ஒதுங்குபவனும் ஒருவரல்லர். முன்னவன் மொழிக்காகப் பணத்தை நிறுத்தித் தன் பெயரையும் முகவரியையும் கொடுத்தான். பின்னவன் பணத்தை மீத்துக்கொண்டு ஓசையின்றிப் போகின்றான். போகும்போது அவனறியாமலே வேல்சு வரிசையின் கஞ்சியிலும் ஒரு கைப்பிடி குறைகின்றது. பி.பி.சி.யின் பட்டயம் 2027 திசம்பர் 31 வரைதான். அதற்குப் பின் கட்டணமா, வரியா, விரும்புவோர் மட்டும் தரும் தொகையா என்பதை முடிவு செய்வது இலண்டன்; ஒளிபரப்பு அதிகாரம் வேல்சு மன்றத்திற்கு இன்னும் தரப்படவில்லை. அவ் அதிகாரத்தைக் கேட்டே மொழிக் கழகத்தார் போராடுகின்றனர். அது முறையான வேட்கை.

தமிழ்நாட்டிலும் ஒருகாலத்தில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டினர். முதியோர் அச் சிறு பொத்தகத்தை மறந்திரார். 1980-களின் நடுவில் அது நீக்கப்பட்டது. சுமை நீங்கிற்றென்று மகிழ்ந்தோம். சுமை நீங்கவில்லை; கண்ணுக்குத் தெரியாத வரிக்குள் கரைந்தது. கையிற் பிடித்து மறுப்பதற்கு ஒரு தாள் இருந்தது, அதுதான் போயிற்று. 1982 ஆகத்து 15-இல் தொடங்கிய நாடு தழுவிய நிகழ்ச்சி மாலைதோறும் இந்தியைக் கொண்டுவந்து இறக்கியபோது, நிறுத்திவைக்கத் தக்க பணமாவது தமிழனிடம் இருந்தது. நிறுத்த எவரும் எண்ணவில்லை. 2020 நவம்பரில், மாநில நிலையங்கள் நாள்தோறும் பதினைந்து நிமையம் சமற்கிருதச் செய்தி ஒளிபரப்புக என்று பிரசார் பாரதி ஆணையிட்டது. பொதிகைக்கும் விலக்கில்லை. தலைவர்கள் கண்டன அறிக்கை விடுத்தனர்; பணம் வழக்கம்போற் போய்க்கொண்டிருந்தது.

வரியை மறுக்க எல்லாரும் பீசுலிகளாக முடியாது. கணக்கையாவது கேட்கலாம். பிரசார் பாரதிக்கு ஆண்டுதோறும் ஒன்றிய அரசு தரும் பொருளில் தமிழ் நிகழ்ச்சிக்குச் செலவாவது எவ்வளவு, இந்திக்கும் சமற்கிருதத்திற்கும் எவ்வளவு, தமிழ் நிலையம் தானே ஆக்கும் நிகழ்ச்சி நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் என்று ஊருக்கு ஒருவர் எழுதிக் கேட்கட்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அதற்கு இடந்தருகின்றது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் பத்து உருபா.