ஜாப்தாவைச் சாவடியில் ஒட்டு!

தோழர்களே! பி.எம்.கிசான் பணம் வருஷத்துக்கு 6,000 ரூபாய். நிலம் பெயரில் உள்ளவனுக்கு மட்டுமே அது. குத்தகைக்காரனுக்கும், கூலிக்கு நாற்று நடுகிறவளுக்கும் சல்லிக்காசு கிடையாது.

2020ல் நடந்ததென்ன? விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் ஜில்லாக்களில் அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்தே தகுதியற்ற பெயர்களை நுழைத்தார்கள். தமிழகமெங்கும் போனது 110 கோடி ரூபாய் என்று சர்க்காரே சொன்னது. கமிஷன் தரகனுக்கு, பாங்கிக் கணக்கிலிருந்து பிடித்தம் ஏழைக்கு!

மில் தோழரே, உமக்கென்ன என்கிறீரா? நீர் வாங்கும் சோப்புக்குக் கட்டும் வரிதான் அந்தப் பணம்.

பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். கூலிக்காரன் எங்கே போய்ப் பார்ப்பான்? திண்டிவனம் தாலுகாவில் கிராமந்தோறும் பெயர், நிலம், தொகை மூன்றையும் கிராம சபையில் உரக்கப் படி! சாவடிச் சுவரில் ஒட்டு! ஊரார் கண்ணுக்குத் தப்பும் திருட்டு உண்டா?