பட்டணத்தில் இரண்டு நாள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்து, இரண்டு நாள் தங்கி ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எப்போது வருவது, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று யோசனை கேட்கிறார். தலையங்கப் பக்கத்திற்கு ஏற்ற விஷயமா இது என்று சிலர் நினைக்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். பதில் எழுத உட்கார்ந்த பிறகுதான், இந்த மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் சொல்வது எவ்வளவு சிரமம் என்பது புலப்பட்டது.

தூரத்தைச் சொல்லித் தப்ப வழியில்லை. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் இரண்டுமே சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு உட்பட்டவை. இரண்டுக்கும் மின்சார ரயில் ஓடுகிறது. தென்னிந்தியாவில் முதல் முதலாக ரயில் ஓடியது 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி; ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் போட்ட அந்தப் பாதை திருவள்ளூர் வழியாகவே சென்றது. நூற்றெழுபது வருஷங்களுக்கு முன்னால் பட்டணத்தோடு இணைக்கப்பட்ட ஜில்லாவிலிருந்து ஒரு தொழிலாளி அந்தப் பட்டணத்தைப் பார்ப்பதற்கு யோசனை கேட்க வேண்டியிருக்கிறது. வேலை தேடியும், ஆஸ்பத்திரிக்கும், கோர்ட்டுக்கும் அவர் பல தடவை வந்து போயிருக்கிறார். ஊரைப் பார்ப்பதற்கென்று ஒரு தடவைகூட வந்ததில்லை என்று எழுதுகிறார். கூட வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளிகளின் நிலைமை இன்னும் விசித்திரமானது. அவர்கள் கல்கத்தாப் பாதையில் இரண்டு பகல் ஓர் இரவு பிரயாணம் செய்து சென்ட்ரலில் இறங்குகிறார்கள். இறங்கியதும் வேறு வண்டி ஏறி வந்த வழியே கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புகிறார்கள். கடற்கரை எந்தத் திக்கில் இருக்கிறது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாதாம்.

பட்டணம் இந்த ஜில்லாவுக்குக் கடன்பட்டிருக்கிறது. சென்னைவாசி காலையில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் திருவள்ளூர் ஜில்லாவின் தண்ணீர். பூண்டி, சோழவரம், புழல் ஆகிய மூன்றும் இந்த ஜில்லாவிலே உள்ளவை. பூண்டி நீர்த்தேக்கம் வேண்டுமென்று பாடுபட்டவர், 1939-இல் சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி. வேலை முடிந்தது 1944-இல். அதைக் காண அவர் உயிரோடில்லை, முந்திய வருஷமே காலமாகிவிட்டார். அவருடைய பெயரைத்தான் அந்த நீர்த்தேக்கம் தாங்கியிருக்கிறது. 2020-இல் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரும் பட்டணத்துக்குத்தான். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் சாம்பலும் புகையும் இந்த ஜில்லாவுக்கு; விளக்கு வெளிச்சம் பட்டணத்துக்கு. எண்ணூர் வழியாக ரயிலில் வரும் எவரும் இதற்குச் சாட்சி கேட்க மாட்டார்கள், மூக்கே சாட்சி சொல்லும். கொடுக்கிறவன் விருந்தாளியாக இரண்டு நாள் வந்தால், வாங்கிக்கொள்கிறவன் திண்ணையிலாவது இடம் தர வேண்டாமா?

எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு நமது பதில், முதலில் எழும்பூர் மியூஸியத்துக்குப் போங்கள் என்பதே. 1851-இல் ஸ்தாபிக்கப்பட்ட அந்தக் காட்சிசாலையின் வெண்கலச் சிலைகளுக்கு நடுவே ஒரு நடராஜர் இருக்கிறார். திருவாலங்காட்டிலிருந்து வந்தவர். பிரான்ஸ் தேசத்துச் சிற்பி ரோடின் அவருடைய புகைப்படங்களை மாத்திரமே பார்த்து, 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஐரோப்பிய மேதை வியந்த அந்த மூர்த்தியின் சொந்த ஊர் திருவள்ளூர் ஜில்லாவில் இருக்கிறது. திருவள்ளூரைத் தாண்டி அரக்கோணம் போகும் வண்டி அங்கே நிற்கும். அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேர் அவரை வந்து பார்த்திருக்கிறார்கள்? பழங்காலக் கற்கருவிகள் உள்ள பகுதியையும் விட்டுவிட வேண்டாம். பூண்டிக்குச் சமீபத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவர் சேகரித்த கருவிகளை 1904-இல் மியூஸியம் விலைக்கு வாங்கிற்று. அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் பதினைந்து லக்ஷம் வருஷத்தியவை என்று 2011-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் மனிதர், தம் ஜில்லாவில் கல்லைத் தட்டிக் கருவி செய்த முதல் தொழிலாளியின் கைவேலையைத் தம் குழந்தைக்குக் காட்டட்டும்.

ஆனால் எந்த நாளில் காட்டுவது? இங்கேதான் முட்டுக்கட்டை. மியூஸியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை. ஷிப்டு முறையில் வார விடுமுறை மாறி மாறி வரும் ஆலைகளில் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு கிடைத்தால் அவர் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். அதையாவது பொறுக்கலாம்; வாரத்தில் ஒரு நாள் ஊழியர்களும் ஓய வேண்டும். நமக்கு விளங்காதது மற்றொன்று. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய மூன்று தினங்களிலும் மியூஸியம் மூடப்படுகிறது. 1958-ஆம் வருஷத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கட்டாயமாகக் கிடைக்கும் விடுமுறைகளில் அந்த மூன்றும் அடங்கும். ஒரு கை விடுமுறையைக் கொடுக்கிறது, மறு கை கதவைச் சாத்துகிறது. சுதந்திர தினத்தன்று இந்த நாட்டுப் பிரஜை இந்த நாட்டுப் பொக்கிஷத்தைப் பார்க்கக் கூடாதென்பது என்ன நியாயம்? அன்று வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு மாற்று விடுமுறை கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வைக்க வேண்டுமென்று ஸர்க்காரை வற்புறுத்துகிறோம். சனிக்கிழமைகளில் இரவு எட்டு மணி வரையில் திறந்து வைத்தாலும் பெரிய உபகாரம்.

இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பதே அரிது என்கிறார் அன்பர். 1948-இன் பாக்டரிச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வை விதித்தது. பின்னால் வந்த சட்டமும் வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கலாகாது என்கிறது. இரண்டு நாள் ஓய்வு என்று சொல்லவில்லை. 2023 ஏப்ரலில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியதையும், எதிர்ப்பு கிளம்பி மே முதல் தேதி அது வாபஸ் பெறப்பட்டதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குச் சரியாக நூறு வருஷங்களுக்கு முன், 1923 மே முதல் தேதி, இந்தியாவின் முதல் மே தினத்தைத் தோழர் சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். பிரான்ஸில் 1936-இல் பதவிக்கு வந்த லியோன் பிளூம் மந்திரிசபை, தொழிலாளர் எல்லோருக்கும் வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் செய்தது. சட்டத்தோடு நிற்காமல் நாற்பது சதவீதம் குறைத்து ரயில் டிக்கெட்டும் கொடுத்தது. அதுவரை கடலையே கண்டிராத ஆலைத் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போனார்கள். நாம் இரண்டு வாரம் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள் ஓய்வைச் சேர்த்துக் கொடுக்கும்படி முதலாளிகளைக் கேட்கிறோம். ஷிப்டு அட்டவணையைச் சிறிது மாற்றினால் உற்பத்தி குறையாது.

போக்குவரத்தில் குறை சொல்வதற்கு அதிகமில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டதால், கும்மிடிப்பூண்டி வண்டியிலிருந்து அங்கே இறங்கி மாறிக்கொள்ளலாம். அதே வருஷத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்றும் உத்தரவாயிற்று.

தங்குவதுதான் பெரும் பாடு. சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் கட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஒரு தனி மனிதருக்கு அன்று தோன்றிய யோசனை, இவ்வளவு பெரிய நகரத்தை ஆளுகிறவர்களுக்கு இன்று தோன்றவில்லை. பெரியமேட்டிலும் எழும்பூரிலும் லாட்ஜுகளுக்குக் குறைவில்லை. மனைவி மக்களோடு தைரியமாகப் போய், நாள் கூலிக்கு அடங்கிய வாடகையில் சுத்தமான ஓர் அறை கேட்கத்தான் முடியாது. உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்காக ஸர்க்கார் தோழி விடுதிகள் நடத்துகிறது, நல்ல காரியம். அதே மாதிரி சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரத்தில் தொழிலாளர் குடும்பங்கள் ஓரிரவு தங்க ஒரு விடுதி கட்டலாகாதா? ஆடம்பரம் எதுவும் வேண்டாம். பாயும் தலையணையும், பூட்டும் கதவும், பெண்களுக்குத் தனிக் குளியலறையும், தட்டில்லாத தண்ணீரும் போதும். அந்தத் தண்ணீரும் அவர்கள் ஊர்த் தண்ணீரே.

இனி அன்பருக்கு நமது பதில். ஐப்பசி கார்த்திகையில் வர வேண்டாம். 2015 டிஸம்பர் வெள்ளத்தையும் 2023 டிஸம்பர் புயலையும் கண்டவர்கள் அந்த மாதங்களை நம்ப மாட்டார்கள். சித்திரை வைகாசியின் வெயில் குழந்தைகளுக்கு ஆகாது. தை பிறந்த பிறகு வருவது உத்தமம். புத்தகக் கண்காட்சி நடக்கும் சமயமாகப் பார்த்தால் இன்னும் நல்லது. காணும் பொங்கலன்று மாத்திரம் வர வேண்டாம்; அன்று குழந்தையின் கையில் டெலிபோன் நம்பரைக் கட்டிவிடும் அளவுக்குக் கூட்டம். முதல் நாள் காலை மியூஸியம். வெயில் தாழ்ந்து கடற்காற்று வீசத் தொடங்கியதும் மெரினா. அங்கே பாறையைப் புரட்டும் நான்கு பேர் கொண்ட உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தது, உங்களுக்கென்றே நிற்கிறது. அலையில் குழந்தைகளை இறங்க விட வேண்டாம். பார்க்கச் சாதுவாக இருந்தாலும் மெரினாக் கடல் காலை வாரி இழுத்துவிடும். மறுநாள் விடியற்காலை சூரியோதயம் பார்த்துவிட்டு, திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலையும் அதன் அருகே பாரதியார் வாழ்ந்த வீட்டையும் பார்த்துக்கொண்டு, சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடலாம். மறுநாள் ஷிப்டு இருக்கிறது.

இரவு எங்கே தங்குவது என்பதற்கு மாத்திரம் நம்மிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை, கடிதத்தோடு சேர்த்து, ஜார்ஜ் கோட்டையிலுள்ள மந்திரிகளுக்கு அனுப்புகிறோம்.