துரத்தாமல் காத்திருந்தவர்கள்



எங்கள் தெருமுனை மின்கம்பத்தில் பத்து நாளாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 'காணவில்லை' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, நாக்கைத் தொங்கவிட்டபடி ஒரு பழுப்பு நாய். போன வாரத்து மழையில் கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் கரைந்துபோயின. மறுநாள் காலை, பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த கம்பத்தில் நனையாமல் தப்பிய தாளைப் பார்த்து வந்து அந்த எண்களைப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். "உங்க வீட்டு நாயாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார். யார் வீட்டு நாய்னே தெரியாது" என்றாள்.

அந்தச் சிறுமியைப் பார்த்ததும் எனக்கு வேலரியின் ஞாபகம் வந்தது.

வேலரி ஒரு டாஷ்ஹண்ட். குட்டைக் கால், நீண்ட உடம்பு, மடியில் அடங்கிவிடும் சிறிய ரகம். 2023 நவம்பரில், ஆஸ்திரேலியாவின் தென்கரையை ஒட்டிய கங்காரு தீவுக்கு வேலரியை வளர்த்த இளம் ஜோடி சுற்றுலா போனார்கள். ஸ்டோக்ஸ் பே என்ற கடற்கரையில் கூடாரம் போட்டார்கள். அவர்கள் மீன் பிடிக்கப் போன நேரத்தில் வேலரி தன் தடுப்பிலிருந்து வெளியேறிவிட்டது. நிறுத்தியிருந்த ஒரு காருக்கு அடியில் அது பதுங்கியிருந்ததை அக்கம்பக்கத்தில் தங்கியிருந்தவர்கள் பார்த்தார்கள். ஆள்கள் நெருங்கியதும் மிரண்டு புதருக்குள் ஓடிவிட்டது. அப்போது அதன் எடை 4 கிலோ. அந்தத் தீவின் பரப்போ ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போலப் பத்து மடங்கு. விஷப்பாம்புகளும் பெரிய கழுகுகளும் உள்ள காடு. வளர்த்தவர்கள் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, வேலைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயத்தில் நாயில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஓர் ஆண்டுக்கும் மேலான பிறகு, இளஞ்சிவப்புக் கழுத்துப்பட்டையோடு ஒரு சின்ன நாயைப் பார்த்ததாகத் தீவுக்காரர்கள் சொல்லத் தொடங்கினார்கள். சோபாவில் வளர்ந்த நாய் அத்தனை மாதம் காட்டில் பிழைத்திருக்குமா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். கங்காலா என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பின் தொண்டர்கள் அந்தச் சேதியைக் கேட்டு வேலையில் இறங்கினார்கள். அடிபட்ட கங்காருவையும் கோலாவையும் காப்பாற்றுவதே அவர்களுடைய அன்றாடப் பணி. இப்போது ஒரு வீட்டு நாய்க்காக 1,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள், 5,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார்கள். கூலி எதுவும் கிடையாது.

அவர்கள் அதைத் தேடிய முறைதான் என்னை நெகிழ வைத்தது. அந்த 1,000 மணி நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பு. வேலரி நடமாடும் இடங்களில் கேமராக்களை வைத்தார்கள். கூண்டு அமைத்து, உணவை வைத்தார்கள். வளர்த்த பெண் உடுத்திய சட்டையை வரவழைத்து, அதைத் துண்டு துண்டாகக் கிழித்து, கூண்டு வரைக்கும் வாசனைத் தடம் போட்டார்கள். உள்ளே அதன் பழைய பொம்மைகளையும் வைத்தார்கள். பிறகு இரவு இரவாகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2025 ஏப்ரல் 25 அன்று வேலரி கூண்டுக்குள் சரியான இடத்துக்கு வந்தது. தொலைவிலிருந்து கதவை மூடினார்கள். காணாமல் போய் 529 நாள்! மாட்டியாயிற்று என்று உடனே அள்ளித் தூக்கிவிடவும் இல்லை. மீட்பாளர் ஒருவர், வளர்த்த பெண்ணின் உடையை மேலே போட்டுக்கொண்டு கூண்டுக்குள் போய், அதன் பயம் தெளியும்வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். எடை போட்டுப் பார்த்தபோது 1.8 கிலோ கூடியிருந்தது. மே மாதம் வளர்த்தவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள்.

தொலைந்த நாய் தன் பெயரைக் கேட்டதும் ஓடிவரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் பயந்து ஓடிய நாய்க்கு அந்த நேரத்தில் எல்லா மனிதர்களும் ஒன்றுதான். வளர்த்தவர் குரலைக் கேட்டும் ஓடக்கூடும். கூப்பிட்டால் ஓடும், கூட்டமாகப் போனால் இன்னும் வேகமாக ஓடும். இது தெரியாத அன்பு, நாயைச் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் விரட்டிவிடுகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. ஒரு தீபாவளி இரவு, வாசலில் வெடித்த சரத்துக்குப் பயந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. தெருப் பையன்கள் பதினைந்து பேர் டார்ச் விளக்கோடு "மணி, மணி" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். ஆளுக்கொரு பக்கம் மறித்தோம். ரயில்வே கேட்டைத் தாண்டி இருட்டில் மறைந்துவிட்டது. மூன்றாம் நாள் அதைக் கொண்டுவந்து விட்டவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருந்த பெரியவர். என்ன செய்தீர்கள் என்று அப்பா கேட்டார். "ஒண்ணும் செய்யலீங்க. பொறையைப் பிச்சுப் போட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துகிட்டேன். ரெண்டு நாளாச்சு, அதுவா வந்துச்சு" என்றார். கங்காரு தீவில் கேமரா வைத்துச் செய்ததை அவர் பொறையை வைத்துச் செய்திருக்கிறார். எங்கள் பதினைந்து பேரின் ஓட்டம் மணிக்குச் செய்தது கெடுதல்தான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

நாய் வளர்க்கும் வாசகர்களுக்கு ஒன்று. மைக்ரோசிப் போட்டிருக்கிறேன், எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அரிசிமணி அளவே உள்ள அந்தச் சிப் நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. அதில் இருப்பது ஓர் எண் மட்டும். கண்டெடுத்தவர் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், அதற்கான கருவியை வைத்துப் படித்தால்தான் சொந்தக்காரர் யார் என்று தெரியவரும். கட்டாயம் போடுங்கள். அதோடு கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண்ணையும் அழியாத மையில் எழுதுங்கள். தெருவில் போகிறவர் கண்ணால் படிக்கக்கூடியது அதுதான்.

நாய் வளர்க்காதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழுத்துப்பட்டை கட்டிய நாய் ஒன்று மிரண்டு ஓடுவதைப் பார்த்தால் பின்னால் ஓடாதீர்கள். அது நிற்கிற இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். தேடுகிறவர் யார் என்று தெரிந்தால் உடனே சொல்லுங்கள். கொஞ்சம் பொறையும் தண்ணீரும் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். வேலரி வீடு திரும்பியது முன்பின் அறியாத தீவுக்காரர்கள் "இங்கே பார்த்தோம்" என்று சொன்னதால்தான்.

தீபாவளி வரும்போது கவனம் வேண்டும். அன்று மாலையே உங்கள் நாயை உள்ளறையில் விட்டு, சன்னலைச் சாத்தி வையுங்கள். உங்கள் ஊரில் இப்படி யார் வீட்டு நாயையோ தேடிக் கொடுத்தவர்கள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அவர்களைப் பற்றி இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்