எங்கள் வீட்டு ஈயோர்

சில மாதங்களுக்கு முன் எங்கள் மூத்த மகள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். 'வின்னி த பூ' கார்ட்டூனின் ஒவ்வொரு பாத்திரத்தின் அருகிலும் ஒரு நோயின் பெயர் எழுதப்பட்டிருந்தது. தேனைத் தவிர எதுவும் நினைவில் நில்லாத கரடி பூவுக்குக் கவனக்குறைபாடு. எதற்கெடுத்தாலும் நடுங்கும் பிக்லெட்டுக்குப் பதற்ற நோய். துள்ளிக்கொண்டே இருக்கும் புலி டிக்கருக்கு மிகையியக்கம். தலை கவிழ்ந்து நிற்கும் கழுதை ஈயோருக்கு மனச்சோர்வு. (பன்றிக்குட்டி வரும் கார்ட்டூனைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்போர் உண்டு, அது வேறு விவாதம்.)

"அப்போ நம்ம தம்பிதான் ஈயோர்" என்றாள் மகள். எல்லோரும் சிரித்தோம். ஒன்பது வயது மகன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய நன்னி வஃபாத்தாகி அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடினோம். 2000 டிசம்பரில் கனடா மருத்துவச் சங்க இதழில், ஹாலிஃபாக்ஸ் நகரின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினர். ஏ. ஏ. மில்ன் 1926இலும் 1928இலும் வெளியிட்ட கதைகளின் பாத்திரங்களை நோயாளிகளாகப் பாவித்து, மருந்து வரை பரிந்துரைத்தனர். எல்லாவற்றுக்கும் ஒரு நோய்ப்பெயர் சூட்டும் போக்கைக் கேலி செய்வதாகவும் அதை வாசிக்கலாம். இணையத்தில் கைமாறிக் கைமாறி வந்ததில் கேலி உதிர்ந்துவிட்டது, பெயர்ப்பட்டியல் மட்டும் மிஞ்சிவிட்டது.

இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். நம் தலைமுறையில் மனத்துயருக்கு இருந்த பெயர்கள் எவை? ஈமான் குறைவு, கண்ணேறு, ஜின்னின் சேட்டை. மகனைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. ஒரு நபியின் துயரத்தை ஈமான் குறைவு என்று யார் சொல்ல முடியும்? அப்படியிருக்க, "இன்றைக்கு நான் ஈயோர் மாதிரி இருக்கேன்" என்று ஒரு பிள்ளை தானே சொல்ல முடிந்தால், சொல்லத் தெரியாத ஒன்றை அது சொல்லிவிட்டது என்றே பொருள்.

ஆனால் அதைப் பிள்ளை சொல்வது வேறு, பிள்ளையைப் பார்த்து நாம் சொல்வது வேறு. பட்டப்பெயர் சூட்டி இழிவாக அழைப்பதை சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. மருத்துவச் சாயல் பூசிய பட்டப்பெயரும் பட்டப்பெயர்தான். மருத்துவர்களே கூட ஒரு குணத்தைக் கண்டவுடன் பெயர் வைத்துவிடுவதில்லை. கவனக்குறைபாடு என்று முடிவுசெய்ய அறிகுறிகள் குறைந்தது 6 மாதங்கள் நீடிக்க வேண்டும். வீட்டில் மட்டுமன்றிப் பள்ளி போன்ற வேறோர் இடத்திலும் அவை தெரிய வேண்டும். ஈயோருக்குச் சூட்டப்பட்ட நீடித்த மனச்சோர்வுக்குப் பிள்ளைகளிடம் ஓராண்டு காலம் பார்க்கிறார்கள். ஆலோசனை பெற அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதல்ல. உறக்கமும் உணவும் குறைந்து, பிள்ளை காரணமின்றிச் சிடுசிடுத்து, பள்ளிக்குப் போகவும் மறுத்தால் தயங்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பிள்ளைகளின் மனச்சோர்வு பல நேரங்களில் அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாகவே வெளிப்படும். நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியது உடல் நோய்க்கு மட்டும் என்று நாம் ஏன் சுருக்கிக்கொண்டோம்?

நோய்ப்பெயர் தேடுவோர் பெரும்பாலும் கதையைப் படிப்பதில்லை. ஈயோரின் பிறந்தநாளுக்குப் பூ ஒரு சாடி தேன் கொண்டு செல்கிறது. வழியில் தேனைத் தானே தின்றுவிடுகிறது. பிக்லெட் கொண்டுவந்த பலூனோ வெடித்துவிடுகிறது. காலிச் சாடியும் கிழிந்த பலூனும்தான் பரிசுகள். பலூனைச் சாடிக்குள் போட்டும் எடுத்தும் ஈயோர் மகிழ்ந்துபோகிறது. முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டால்தான் பரிசு என்று யாரும் அதனிடம் நிபந்தனை போடவில்லை.

அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சின்னஞ்சிறு பறவை இறந்துபோனபோது, அந்தப் பறவை என்ன ஆயிற்று என்று நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடமே விசாரித்ததை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம். ஒரு சமுதாயத்தையே வழிநடத்தியவர்களுக்கு ஒரு குழந்தையின் பறவையைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. எங்களுக்கோ, நான்கு மாதங்களாக எங்கள் மகனிடம் அவனுடைய நன்னியைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அவனிடம் நெடுநேரம் பேசினார். எந்தப் பெயரும் சொல்லாமல், ஒரு மாதம் கழித்து மீண்டும் வரச் சொன்னார். அன்று மஃரிபுக்குப் பின், "நன்னி உனக்கு என்னென்ன கதை சொல்வாங்க?" என்று கேட்டோம். அவன் எழுந்து போய்ப் பள்ளிப் பையைத் திறந்து, பென்சில் பெட்டிக்குள்ளிருந்து நன்னியின் தஸ்பீஹ் மணியை எடுத்து வந்தான். இஷாவுக்கு பாங்கு சொல்லும்வரை பேசிக்கொண்டிருந்தான். அக்காவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.