தரை ஆடுது!

லட்சத்தீவுக் கப்பலிலிருந்து கொச்சியில் இறங்கியதும் அந்தச் சேலத்து ஆசிரியைக்குத் தரை ஆடியது. (கப்பலில் வந்தவர்களுக்கு இது சகஜம். பயம் வேண்டாம்.) உடன் வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவருக்கு ரயில் இரவில்தான். கணவர் இறந்த பிறகு எந்த ஊரையும் தனியாகச் சுற்றியதில்லை.

எர்ணாகுளம் ஸ்டேஷன் கிளாக் ரூமில் பையைப் போட்டுவிட்டு, படகேறி ஃபோர்ட் கொச்சி போனார். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், 1524ல் இறந்த வாஸ்கோடகாமாவைப் புதைத்த இடம். உடலைப் பிற்பாடு லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல் மட்டும் இங்கேயே கிடக்கிறது. அங்கே வெகுநேரம் நின்றார்.

கடற்கரையில் நாலைந்து பேர் கயிறு இழுக்க, சீன வலை மெல்ல எழுந்தது. அந்நேரம் பார்த்து மகனின் போன்.

"தனியாவாம்மா சுத்தறே?"

"ஆமாண்டா. வலை மேலே வருது, அப்புறம் பேசறேன்."