மனப்பாடம் ஒப்பிப்பவர் ஆசிரியர் ஆவாரா?



கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ‘ஹாட் யோகா’ எனும் பெயர்ப்பலகையை நீங்கள் பார்த்திருக்கலாம். வெளியே வெயில் 32 டிகிரி. உள்ளேயோ அதைவிடச் சூடேற்றிய அறை. அதில் வியர்வை சொட்டச் சொட்ட ஆசனம் செய்கின்றனர். நம்மவர்களுள் சிலர் இதைக் கண்டு நகைக்கின்றனர். வேறு சிலர், ‘நம் முன்னோர் கலை உலகெங்கும் பரவிவிட்டது’ எனப் பெருமை கொள்கின்றனர். இரண்டும் ஒருபுறம் இருக்கட்டும். இந்த வகுப்புகளை நடத்தும் பயிற்றுநர்கள் எவ்வாறு இத்துறைக்கு வந்தனர், எவ்வாறு ஆசிரியர் என்ற பெயரைப் பெற்றனர் என்பதை அறிந்தால், கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்கும், நம்மை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்கும் பெற்றோர்க்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

கொல்கத்தாவில் தொடங்கிய வரலாறு

‘யோகியின் சுயசரிதை’ எழுதிய பரமஹம்ச யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷ். இவர் 1923இல் கொல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். உடற்கட்டுப் பயிற்சியும் ஆசனமும் அங்கே ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. நோயுடன் வருபவரைப் பார்த்து, அவரவர் உடலுக்குத் தக்கபடி ஆசனங்களைத் தேர்ந்து கொடுப்பது அக்கல்லூரியின் வழக்கம். ஒருவருக்குக் கொடுத்த பட்டியல் மற்றவருக்குப் பொருந்தாது. ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. மாணவரின் தரமறிந்து பாடம் அமைப்பதைத்தானே நாமும் பயிற்சிக் கல்லூரியில் கற்றோம்!

அந்த மரபில் பயின்றவர் பிக்ரம் சௌத்ரி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற அவர், பெவர்லி ஹில்ஸில் வகுப்பு நடத்தினார். 26 ஆசனங்கள், இரண்டு மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடம், ஏறத்தாழ 40.6 டிகிரி செல்சியஸ் வெப்பம், 40 விழுக்காடு ஈரப்பதம். யார் வந்தாலும், எந்த ஊரில் வந்தாலும் இதே வரிசைதான். இந்தியாவின் வெப்பத்தை அறைக்குள் கொண்டுவருவதே நோக்கம் என்பது அவர் தந்த விளக்கம். இம்முறையை நூலாகவும் வெளியிட்டார்.

இங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டதைக் கவனியுங்கள். ஆளைப் பார்த்து ஆசனம் கொடுத்த மரபு, ஆளைப் பாராமல் அனைவருக்கும் ஒன்றையே கொடுக்கும் முறையாக மாறியது. ஒருவருக்கு மட்டும் கற்பிக்கக்கூடியதை நூறு பேருக்கு ஒரே நேரத்தில் கற்பிக்க முடிந்தது. அதனால் பரவியது; பணமும் வந்தது.

ஒன்பது வாரத்தில் ஆசிரியர்

1994இலிருந்து சௌத்ரி பயிற்றுநர் பயிற்சியைப் பெரிய அளவில் நடத்தத் தொடங்கினார். அங்கே சென்றவர்களுள் பெரும்பாலோர் முதலில் மாணவராக வந்தவர்களே. முதுகுவலி, மூட்டுவலி, விபத்துக்குப் பிந்திய தளர்ச்சி, மன அழுத்தம் என ஏதேனும் ஒன்று அவர்களை அந்தச் சூடான அறைக்கு அழைத்து வந்தது. உடல் தேறியது. தேறியவர்கள், ‘எனக்குக் கிடைத்ததை மற்றவர்க்கும் கொடுக்க வேண்டும்’ என எண்ணினர். இது நல்லெண்ணம், ஐயமே இல்லை. நம்முள்ளும் பலர் தமக்குப் பிடித்த ஓர் ஆசிரியரைப் பார்த்துத்தானே இத்தொழிலுக்கு வந்தோம்!

பயிற்சி ஒன்பது வாரம். கட்டணம் பின்னாளில் பத்தாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. விடுதி ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் தங்கி, நாளுக்கு இரண்டு முறை சூடான அறையில் பயின்று, நள்ளிரவு கடந்தும் நீளும் சொற்பொழிவுகளைக் கேட்டனர். அவர்களின் முதன்மையான வேலை ஒன்று இருந்தது. ‘டயலாக்’ எனப்பட்ட வகுப்புரையைச் சொல் மாறாமல் மனப்பாடம் செய்வது. இந்த முறையில் பயிற்றுநர் ஆசனத்தைச் செய்து காட்டுவதில்லை. சொல்லால் மட்டுமே வகுப்பை நடத்துவார். அந்தச் சொற்களும் அவருடையவை அல்ல.

மனப்பாடத்தை நான் இழிவாகக் கருதவில்லை. வாய்பாடும் செய்யுளும் மனத்தில் பதிந்த பிள்ளைக்கு அவை வாழ்நாள் துணை. புதிய பயிற்றுநர் ஒருவர் முதல் வகுப்பில் தடுமாறாமல் நிற்க அந்த உரை உதவியது என்பதும் உண்மையே. ஆனால் மனப்பாடம் தொடக்கமாக இருக்க வேண்டும். முடிவாக இருத்தல் ஆகாது. எதிரே ஒருவருக்குத் தலை சுற்றும்போது அடுத்த வரியைச் சொல்வதா, நிறுத்துவதா என்பதை எந்த உரையும் கற்றுத் தராது. அதைத் தம் கண்ணால் பார்த்து முடிவு செய்பவரே ஆசிரியர்.

கலை யாருக்குச் சொந்தம்?

2002இல் சௌத்ரி தம் ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கோரினார். அனுமதியின்றிக் கற்பித்தவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். அவரிடம் பயின்று பின்னர் தனியே கற்பித்தவர்களும் அவ்வழக்குகளில் சிக்கினர். இந்திய அரசு தன் மரபு அறிவு மின்னூலகத்தில் ஆசனங்களைப் பதிவு செய்து, இவை தனியொருவரின் உடைமை அல்ல என்பதற்குச் சான்று சேர்த்தது. இறுதியில் 2015 அக்டோபரில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசன வரிசை என்பது உடல்நலம் பேணும் ஒரு முறை. நூலின் சொற்களுக்குப் பதிப்புரிமை உண்டு, முறைக்கு இல்லை என்பதே அத்தீர்ப்பு.

வெப்பத்தைப் பற்றிய பெருமைகளும் ஆய்வில் முழுமையாக நிற்கவில்லை. 2018இல் ‘எக்ஸ்பெரிமென்டல் ஃபிசியாலஜி’ இதழில் வெளிவந்த ஆய்வில், நடுத்தர வயதினரை 12 வாரம் இதே 26 ஆசனங்களைச் செய்ய வைத்தனர். ஒரு குழு சூடான அறையிலும் மற்றொரு குழு இயல்பான அறையிலும் பயின்றது. இரத்தக் குழாய்களின் செயற்பாடு இரு குழுவிலும் மேம்பட்டது. சூட்டினால் கூடுதல் பயன் தென்படவில்லை. அதற்கு முன், 2015இல் அமெரிக்க உடற்பயிற்சி மன்றத்தின் ஆதரவில் நடந்த ஆய்வில், வகுப்பின்போது ஆண்களின் உடல்வெப்பம் சராசரியாக ஏறத்தாழ 39.6 டிகிரி வரையிலும், பெண்களுடையது 38.9 வரையிலும் உயர்ந்தது. காய்ச்சலில் காணும் அளவு இது! நலம் தந்தது ஆசனமும் இடைவிடாத பயிற்சியும் என்றே நான் கருதுகிறேன்.

குரு பக்தியின் விலை

இனிச் சொல்லப்போவது கசப்பானது. 2013 முதல் சௌத்ரியிடம் பயிற்சி பெற்ற பெண்கள் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டுகளுடன் நீதிமன்றத்தை நாடினர். அவர் மறுத்தார். 2016 ஜனவரியில், அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகரான பெண் தொடுத்த வழக்கில், பாலியல் தொல்லை, நியாயமற்ற பணிநீக்கம் ஆகியவற்றுக்காக லாஸ் ஏஞ்சலஸ் ஜூரிகள் மொத்தம் 70 இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தனர். அவர் அமெரிக்காவை விட்டு வெளியேறினார். 2017இல் கைது ஆணை பிறந்தது. அதன் பிறகும் வேறு நாடுகளில் பயிற்சி நடத்தினார். அங்கும் மாணவர்கள் சென்றனர்!

பெண்கள் பேசத் தொடங்கியபோது, சக பயிற்றுநர் பலர் வாய் திறக்கவில்லை. காரணம் விளங்காததன்று. சான்றிதழில் அவர் கையொப்பம். பெயர்ப்பலகையில் அவர் பெயர். பிழைப்பே அவரை நம்பி இருந்தது. இவற்றோடு, ‘என் உடலைத் தேற்றியவர் தீயவராக இருக்க முடியுமா?’ என்ற மயக்கமும் சேர்ந்துகொண்டது. முடியும் என்பதே விடை. ஒருவர் கற்பித்த கலை நல்லதாக இருக்கலாம். அதனால் அவர் செய்த தீமை கழியாது.

ஆயினும் எல்லாரும் வாளா இருந்துவிடவில்லை. பலர் பெயர்ப்பலகையிலிருந்து அவர் பெயரை நீக்கி, ‘ஹாட் யோகா’ என்றும் ‘26உம் 2உம்’ என்றும் மாற்றினர். கனடாவில் அவரிடம் பயின்ற இருவர், இச்சர்ச்சைக்கு முன்பே 2004இல் ‘மோக்ஷா யோகா’ எனும் தனி முறையைத் தொடங்கியிருந்தனர். கோஷ் மரபைத் தேடிக் கொல்கத்தாவுக்கே சென்று பயின்றவர்களும் உளர். பாடம் சொல்லும் உரையை விட்டு, எதிரே நிற்பவரைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் அவர்கள் உண்மையில் ஆசிரியர் ஆயினர் என்பது என் கருத்து.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. சௌத்ரியின் பதிப்புரிமையை எதிர்த்து நின்ற நியூயார்க் நிறுவனமான ‘யோகா டு தி பீப்பள்’, தன் முன்னாள் பயிற்றுநர்களும் மாணவர்களும் எழுப்பிய குற்றச்சாட்டுகளுக்கிடையே 2020இல் மூடப்பட்டது. ஆளை மாற்றிவிட்டு, கேள்வி கேட்கக் கூடாத பழைய ஏற்பாட்டை அப்படியே வைத்திருந்தால், நோய் மீண்டும் வரும்.

நமக்கு என்ன?

ஆசிரியரைத் தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைத்துப் போற்றும் மரபு நம்முடையது. அம்மரபில் வாழ்கிறேன், அதனை மதிக்கிறேன். அதனாலேயே சொல்கிறேன்: மரியாதை வேறு, கேள்வியின்மை வேறு. கேள்விக்கு விடை சொல்ல மறுப்பவர், மரியாதைக்கு உரிய இடத்தைத் தாமே இழக்கிறார்.

பெற்றோர்களே, பிள்ளையை யோகா வகுப்புக்கோ நடன வகுப்புக்கோ தற்காப்புக் கலை வகுப்புக்கோ பிரத்தியேக வகுப்புக்கோ அனுப்புமுன் மூன்றை மட்டும் கேளுங்கள்.

1. என் பிள்ளைக்கு இயலாதபோது பாடத்தை மாற்றிக் கொடுப்பீர்களா?

2. வகுப்பு நடக்கும்போது நான் வந்து பார்க்கலாமா?

3. உங்களைப் பற்றி எனக்குக் குறை இருந்தால் அதனை யாரிடம் சொல்வது?

இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டா. குழந்தைகள், கருவுற்ற தாய்மார், இதய நோயாளிகள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் சூடான அறைக்குள் நுழையவும் வேண்டா.

ஆசிரியர்களே, அதே மூன்று கேள்விகளும் நம் வகுப்பறைக்கும் பொருந்தும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து நம்மைக் கேள்வி கேட்டால், அதனை அவமதிப்பாகக் கொள்ளாமல் உரிமையாகக் கொள்வோம். நாம் கற்பிக்கும் தமிழ் நமக்கு முன்பும் இருந்தது; நமக்குப் பின்பும் இருக்கும். நாம் அதற்கு உரிமையாளர் அல்லர்.